எட்வர்ட் மெக்டவல்

எட்வர்ட் மெக்டவல் (டிசம்பர் 18, 1860 - ஜனவரி 23, 1908) ஓர் அமெரிக்க இசையமைப்பாளரும் பியானோ கலைஞரும் ஆவார். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் முதல் இசைப் பேராசிரியர் இவரே. பழைய நூல்கள் பலவற்றில் இவர் பிறந்த ஆண்டு 1861 எனத் தவறாகக் காணப்படுகிறது.

இளமை

நியூயார்க்கில் பிறந்த மெக்டவல் பாரிஸ் இசைக் கல்லூரியிலும், பின்னர் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் யோவாக்கிம் ராஃபிடமும் பயின்றார். தம் மாணவியான மரியனை 1884இல் மணந்து, 1888இல் நாடு திரும்பி பாஸ்டனில் குடியேறினார்.

கொலம்பியாவில்

1896இல் 1,50,000 டாலர் நன்கொடையைக் கொண்டு கொலம்பியாவில் இசைத்துறை நிறுவப்பட்டது. பாடத்திட்டம் முழுவதையும் மெக்டவலே வகுக்க வேண்டியிருந்தது. அவர் இரு நோக்கங்களை முன்வைத்தார். இசையமைக்கவும் கற்பிக்கவும் வல்லவர்களை முறையாகப் பயிற்றுவித்தல் ஒன்று. இசைக் கலைஞராக விரும்பாத மாணவருக்கும் இசையின் வரலாற்றையும் அழகியலையும் பொதுக்கல்வியின் பகுதியாக அளித்தல் மற்றொன்று. விரிவுரை தயாரித்தல், பயிற்சித் தாள்களைத் திருத்துதல் ஆகியவற்றிலேயே கல்வியாண்டு கழிந்ததால், இசையமைக்கும் பணி பெரும்பாலும் பீட்டர்பரோவிலிருந்த அவரது பண்ணை வீட்டின் கோடைக்காலத்துக்கு ஒதுங்கியது. பரவலாக அறியப்பட்ட "வுட்லண்ட் ஸ்கெட்சஸ்" 1896இல் வெளிவந்தது.

இசை, ஓவியம், சிற்பம், கட்டடக்கலை, இலக்கியம் ஆகியவற்றை ஒருங்கிணைத்த கலைப்புலம் ஒன்றை அமைக்க வேண்டும் என்பது அவரது கனவு. 1902இல் நிக்கலஸ் மரே பட்லர் பல்கலைக்கழகத் தலைவரானார். அந்த ஆண்டு மெக்டவல் விடுப்பில் சென்றார். திரும்பி வந்தபோது, தம் திட்டத்துக்கு மாறாக, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியுடன் இணைந்ததொரு மறுசீரமைப்பு நடைபெற்றுவருவதைக் கண்டார். இது கலைக்கல்வியின் தரத்தைத் தாழ்த்தும் என்று கருதிய அவர் 1904இல் பதவி விலகினார். விலகலின் காரணங்கள் நாளிதழ்களில் வெளியாகவே, அறங்காவலர் குழு அவரது நடத்தையைக் கண்டித்தது. நிருவாகத்தைக் கையாளும் பொறுமை மெக்டவலிடம் குறைவு என்பது உண்மையே. ஆயினும் எட்டாண்டு உழைப்புக்குக் கிடைத்த அக்கண்டனம் அவரை ஆழமாகப் புண்படுத்தியது.

இறுதி ஆண்டுகள்

அதே ஆண்டில் அவர் குதிரை வண்டி மோதிக் காயமடைந்தார். தொடர்ந்து அவரது மனநிலை சீர்குலைந்தது. இதன் காரணம் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1908இல் நியூயார்க்கில் காலமான அவரது உடல் பீட்டர்பரோவில் அடக்கம் செய்யப்பட்டது. பல துறைக் கலைஞரும் ஓரிடத்தில் தங்கிப் பணியாற்றும் குடியிருப்பு ஒன்றை மரியன் அங்கு 1907இலேயே தொடங்கியிருந்தார். கொலம்பியா விரிவுரைகள் 1912இல் நூலாக வெளிவந்தன.