அறிஞர் பாவ்லாவ்

ஓர் உணவை உண்டு நோயுற்றவன் மறுமுறை அவ்வுணவைக் கண்ட மாத்திரத்தே முகஞ் சுளிப்பதை நாம் யாவரும் அறிவோம். அவ்வருவருப்பு நாவிற் பிறப்பதா, வயிற்றிற் பிறப்பதா, மூளையிற் பிறப்பதா என்று ஆராயப் புகுவோர் ருஷிய நாட்டறிஞர் இவான் பெத்ரோவிச் பாவ்லாவின் வாயிலைக் கடந்தே செல்லல் வேண்டும். ஒலி கேட்டு வாயூறிய நாயின் கதையால் இவர் பெயர் எங்கும் பரவியுள்ளது. இறைச்சியை வெறுத்த நாயின் கதையும் இவர் வாழ்விலே உண்டு. அஃது அத்துணைப் பரவவில்லை.

பாவ்லாவ் 1849ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26ஆம் நாள், மாஸ்கோவுக்குத் தென்கிழக்கேயுள்ள ரியாஸான் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கோயிற் குரு. இளமையில் உயரமான இடத்தினின்று வீழ்ந்து நலிவுற்றமையால், 11ஆம் வயதிலேதான் இவர் பள்ளி செல்லத் தொடங்கினார். தந்தையின் வழியே குருத்துவத்திற்குப் பயின்றுவந்த காலத்தில், மூளையின் அனிச்சைச் செயல்களைப் பற்றிச் செச்சினாவ் எழுதிய நூல் கைக்கெட்டியது. அது இவரைப் பிறிதொரு வழியில் ஈர்த்துச் சென்றது. 1870இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து இயற்கை நூல் கற்றார். 1881இல் செராபீமா என்னும் மங்கையை மணந்தார். அதன்பின் பல்லாண்டுகள் வறுமையோடு கழிந்தன.

1890இல் பேராசிரியப் பதவியும், மறு ஆண்டில் தனி ஆராய்ச்சிக் கூடமும் கிடைத்தன. அக்காலத்தோர் விலங்கை மயக்கி அறுத்து, அது துடித்துக் கிடக்கும் சிறு பொழுதில் கண்டதையே உண்மையெனக் கொண்டனர். பாவ்லாவோ, மனிதர்க்குச் செய்வது போன்ற தூய்மையோடு நாய்க்கு அறுவை செய்து, புண் ஆறிய பின்னர், நலத்தோடு உலவும் அந்நாயையே நெடுநாள் கவனித்தார். ஒரு நாயின் உணவுக்குழலை அறுத்துக் கழுத்தின் வழியே திறந்து விட்டார். அது விழுங்கிய இறைச்சி கழுத்தின் வழியே வெளியே விழுந்தது. ஒரு துண்டும் இரைப்பையை அடையவில்லை. ஆயினும் இரைப்பையில் செரிமான நீர் சுரந்தது. வாயறிந்த சுவையை மூளை அறிந்து, வேகஸ் என்னும் நரம்பின் வழியே இரைப்பைக்கு ஏவல் விடுக்கின்றது என்பது இதனால் விளங்கிற்று. இவ்வாராய்ச்சிக்காகவே 1904இல் நோபெல் பரிசு பெற்றார். வாயூறுதலைப் பற்றிய பணிக்கே அப்பரிசு கிடைத்ததென்று பலர் கருதுவது தவறு.

இனி, இறைச்சியை வெறுத்த நாய். குடலிலிருந்து வரும் குருதி கல்லீரலுட் புகாமலே செல்லுமாறு, பாவ்லாவும் அவர்தம் தோழர்களும் சில நாய்களுக்கு அறுவை செய்தனர். 1893இல் இவ்வாய்வு வெளிவந்தது. இறைச்சி உண்ட அந்நாய்கள் கொடிய நோய்க்குள்ளாயின. பிழைத்தவற்றுட் சில, பின்னர் இறைச்சியைத் தீண்டவும் மறுத்தன. இதன் பொருள் அப்பொழுது விளங்கவில்லை. வாயூறும் நாய்களைக் கொண்டு, பழக்கத்தால் உண்டாகும் அனிச்சைச் செயல்களைப் பல்லாண்டு ஆராய்ந்த பின்னரே விளங்கிற்று. நாடோறும் மார்பியா மருந்து ஏற்றப்பட்ட நாய், ஊசி குத்துமுன்பே, மருந்திடுவோரைக் கண்ட அளவிலேயே குமட்டலுறுவதும் அப்பொழுது தெரியவந்தது. இறைச்சியின் மணமும் தோற்றமும் அந்நாய்களுக்கு நோயின் அறிகுறிகளாகிவிட்டன என்று பாவ்லாவ் தெளிந்தார். இத்தகைய தொடர்புகள் யாவும் பெருமூளையின் புறணியிலே அமைகின்றன என்பதும், எப்பொருளும் எதற்கும் அறிகுறியாகக் கூடும் என்பதும் அவர் கொள்கை.

தம் கொள்கையில் உறுதியுடையவராயினும், மெய்ம்மை எதிர்நின்றபோது பணிந்தவர் இவர். கணைய நீர் சுரப்பது நரம்பினாலேயே என்று இவர் கற்பித்து வந்தார். குருதியிற் கலந்து செல்லும் பொருளொன்றும் அதனைச் சுரப்பிக்கும் என்று 1902இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் காட்டினர். பாவ்லாவ் அச்சோதனையைத் தம் கூடத்திலேயே செய்வித்துப் பார்த்தார். வாய் திறவாது தம் அறைக்குச் சென்றார். சிறிது நேரங் கழித்துத் திரும்பி வந்து, அவர்கள் கூற்றே மெய்யென ஒப்பினார். சினத்திற் பெயர் பெற்ற ஒருவர் இவ்வாறு செய்தது எமக்கு நோபெல் பரிசினும் பெரிதாகத் தோன்றுகின்றது.

அரசினரிடம் அப்பணிவு காட்டினாரல்லர். புரட்சிக்குப் பின் வந்த பஞ்ச நாளில் 1921இல் லெனின் இவர்க்கெனத் தனி ஆணை பிறப்பித்து உதவினார். ஆயினும் புதிய ஆட்சியைக் குறைகூற இவர் அஞ்சவில்லை. 1924இல் குருமாரின் மக்கள் கல்லூரியினின்று நீக்கப்பட்டபோது, தாமும் ஒரு குருவின் மகனே என்று கூறிப் பேராசிரியப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டே நேவா ஆறு பெருகி நாய்க் கூண்டுகளுட் புகுந்தது. நீந்திப் பிழைத்த நாய்களுட் சில, கற்றவை அனைத்தும் இழந்து நின்றன. 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், 86ஆம் வயதில், நுரையீரல் அழற்சியால் பாவ்லாவ் காலமானார்.

அவர் மறைந்த பின், எலிகள் அவர் நூலிற் சில வரிகளைத் திருத்தின. 1955இல் அமெரிக்க நாட்டு ஜான் கார்சியாவும் அவர் துணைவரும், எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரை அருந்தக் கொடுத்துக் காமாக் கதிரால் நோயுறச் செய்தனர். அவை பின்னர் இனிப்பு நீரை வெறுத்தன. 1966இல், நீர் அருந்தும்போது ஒளியும் ஓசையும் உடன் எழச் செய்தனர். நோயுற்ற எலி சுவையையே வெறுத்தது. ஒளியையும் ஓசையையும் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி பெற்ற எலியோ ஒளியையும் ஓசையையும் அஞ்சிற்று. சுவையை விட்டு விலகவில்லை. எனவே எதுவும் எதற்கும் அறிகுறியாகாது. சுவைக்கும் நோய்க்கும் இடையே ஒரு மணிக்கு மேற்பட்ட காலம் சென்றாலும் எலி கற்றுக்கொண்டது.

மூளையினுள் இது நிகழும் வழியும் பெரிதும் புலனாகியுள்ளது. நாவின் செய்தியும் வயிற்றின் செய்தியும் முதலில் மூளைத்தண்டின் அடிப்பகுதியை அடைந்து, அதற்குச் சற்று மேலுள்ள ஒரு சிறு நரம்பணுத் திரளில் வந்து கூடுகின்றன. அத்திரளை அழித்தால் எலி சுவையறியும், நோயும் உறும், இரண்டையும் இணைக்க மட்டும் அறியாது. அங்கிருந்து வழி அமிக்டலாவுக்கும், சுவைக்குரிய புறணிக்கும் செல்கின்றது. மூளைத்தண்டை மேல்மூளையினின்று துண்டித்து விட்டால், அத்தண்டு மட்டும் தனித்து நின்று இவ்வெறுப்பைக் கற்பதில்லை. ஆகவே பாவ்லாவ் புறணியைச் சுட்டியது முற்றும் பிழையன்று. வழியின் ஒரு கோடியையே அவர் கண்டார். கால இடைவெளியோ அவர் கண்முன்னரே இருந்தது. அவருடைய நாய்கள் இறைச்சியை உண்டவுடன் நோயுறவில்லை. அது செரித்த பின்னரே நோயுற்றன.