பனித்தளம் புகுந்த மாதரசி

விளையாட்டுலகிற் புகழெய்திய பெண்மணிகள் இன்று பலராவர். ஆயின், ஆடவர்க்கே உரியதென எல்லோரும் எண்ணியிருந்த களமொன்றினுள்ளே தன்னந்தனியராய்ப் புகுந்து வாகை சூடிய மாட்ஜ் சயர்ஸ் அம்மையாரை நம் மாணவருட் பலர் அறியார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அம்மையார் 1881 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆந் திகதி இலண்டன் மாநகரிலே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் புளோரன்ஸ் மடலின் கேவ். பனிக்கட்டித் தளத்திலே கத்தி பூட்டிய பாதணியோடு சறுக்கியாடுங் கலையில் இளமையிலேயே தேர்ந்தார். அக்காலத்து ஆங்கிலேயர் மரம்போல் விறைத்து நின்றே சறுக்குவர். அம்மையாரை மணந்த எட்கார் சயர்ஸ் என்பாரோ, ஐரோப்பியப் பெருநிலத்தாரின் நெகிழ்வான முறையை விரும்பியவர்; மனைவியாரையும் அம்முறையிற் பழகுமாறு ஊக்கினார். கணவரின் ஊக்கம் வீண்போகவில்லை.

இக்கலையின் போட்டி இரு பகுதிகளை உடையதாயிருந்தது. முதலாவதில், எட்டு என்னும் இலக்கம் போன்ற வடிவங்களைக் கத்தி விளிம்பினாற் பனியிற் கீறுதல் வேண்டும். நடுவர்கள் குனிந்து நின்று கோட்டின் செம்மையை ஆராய்வர். மற்றையது, ஆடுவோர் தாமே வகுத்துக்கொண்ட ஆட்டம். நம்மைக் கேட்பின், முன்னையதே கடினமென்போம். கோடு பொய் சொல்லாதன்றோ!

1902 ஆம் ஆண்டு உலகப் போட்டி இலண்டனில் நிகழ்ந்தது. விதிகளை ஆக்கியோர், பெண்ணொருத்தி வருவாளெனக் கனவிலும் கருதாமையால், பெண்களைத் தடுக்கும் வாசகம் யாதும் அவற்றில் எழுதவில்லை. அம்மையார் தம் பெயரைப் பதிந்தார். மறுக்க வழியின்றி ஏற்றனர். களத்தில் நின்றோர் நால்வர். சுவீடன் நாட்டு உல்றிக் சல்கோ முதலிடம் பெற்றார். இரண்டாமிடம் அம்மையாருக்கு. ஏனைய ஆடவர் இருவரும் அவர்க்குப் பின்னரே நின்றனர்.

அடுத்த ஆண்டே சர்வதேசச் சங்கம் கூடி, பெண்கள் அப்போட்டியிற் சேர்தலாகாதென விலக்கிவிட்டது. நீண்ட பாவாடை பாதத்தை மறைக்குமென்றனர். நடுவர் தம் காதலிக்கே புள்ளி வழங்கவுங் கூடுமென்றனர். ஆணையும் பெண்ணையும் ஒப்பிடல் அரிதென்றனர். அம்மையாரோ கணுக்காலுக்கு மேல் நிற்கும் பாவாடை அணிந்து ஆடியவர். இரண்டாவது காரணம் நடுவரின் குறையைப் போட்டியாளர் தலையிற் சுமத்துவது. இக்காரணங்களிலும், தோற்போமென்ற அச்சமே அவர்களை ஆட்டியதென்பது நம் துணிபு.

உலகப் போட்டி மூடப்பட்டதேனும், பிரித்தானியப் போட்டி இருபாலார்க்குந் திறந்தேயிருந்தது. 1903 இல் அதன் முதற் பரிசை அவரே வென்றார். 1904 இல் மீண்டும் வென்றபோது, தோற்றவர்களுள் அவர் கணவரும் ஒருவர்! அன்றிரவு அவ்வீட்டில் நிலவிய பேச்சை நாம் ஊகிக்கவும் வேண்டுமோ?

ஈற்றிலே சங்கமும் இணங்கிப் பெண்களுக்கெனத் தனிப்போட்டி வகுத்தது. 1906 இல் சுவிற்சர்லாந்தின் டாவோசிலும், 1907 இல் வியன்னாவிலும் முதலிடம் அம்மையாருக்கே. 1908 இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவிலே, சறுக்காட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. மாரிகால ஒலிம்பிக் அப்போது தோன்றாமையால், ஒக்டோபர் மாதத்திலே, செயற்கைப் பனித்தளத்தில் அது நிகழ்ந்தது. நடுவர் ஐவரும் ஒருமுகமாய் அம்மையாரை முதல்வரெனத் தெரிந்தனர். கணவரோடு இணைந்தாடிய போட்டியில் வெண்கலப் பதக்கமும் பெற்றார்.

அதன்பின் உடல்நலங் குன்றவே போட்டிகளினின்றும் ஒதுங்கினார். இதய அழற்சி நோய் முற்றி, 1917 ஆம் ஆண்டு செப்டெம்பர் 9 ஆந் திகதி உயிர் நீத்தார். அவர்க்கு 36 வயது நிரம்ப இன்னும் ஒரு கிழமை இருந்தது.