பாரம் சுமந்த பேராயர்

தலைமை என்றதும் நம் கண்முன் வருவன மாலையும் மேடையும். அவற்றின் பின்னே இருக்கும் பாரம் எளிதில் தெரிவதில்லை. அதிலும் திருச்சபைத் தலைவரின் பாரம் தனி வகையானது. பிறப்புக்கும் அவர் வேண்டும்; இறப்புக்கும் அவர் வேண்டும். சண்டையைத் தீர்க்கவும் அவரே. நோயாளிக்கு ஆறுதல் சொல்லவும் அவரே. ஊரார் துயரெல்லாம் அவர் வாசலில் வந்து இறங்கும். அவர் தம் துயரை இறக்கிவைக்கும் வாசல் எது? இக்கேள்விக்கு விடையை ஒரு வாழ்க்கையில் தேடுவோம். அந்த வாழ்க்கை தொலைவில் இல்லை. நம் தீவுக் கூட்டத்திலேயே உண்டு. அவர்தாம் கார் நிக்கோபார் தந்த பேராயர் ஜான் ரிச்சர்ட்சன்.

ரிச்சர்ட்சன் 1884-இல் கார் நிக்கோபாரில் பிறந்தார். தென்னையும் கடலுமே அந்தத் தீவின் செல்வம். துஹெத் எனப்படும் கூட்டுக் குடும்பமே அங்கே வாழ்வின் அடிப்படை. அவருடைய தாய்மொழிக்கு அந்நாளில் அச்சிட்ட நூல் என்று சொல்லத்தக்கது இல்லை.

தமிழராகிய நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அத்தீவின் முஸ் என்னும் ஊரில் பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழ் உபதேசியார். அரசாங்கத்தின் முகவரும் அவரே, ஆசிரியரும் அவரே, நோயுற்றோர்க்கு மருந்து தருபவரும் அவரே. அவரிடம் கற்ற சிறுவருள் ஒருவர்தாம் ரிச்சர்ட்சன். மேற்படிப்புக்காக அவர் பர்மாவிலுள்ள மாந்தளைக்கு அனுப்பப்பட்டார். சாலமோன் 1909-இல் மறைந்தார். தம் காலம் முடியுமுன் அடுத்த தலைமுறையை ஆயத்தம் செய்துவிட்டே அவர் போனார். இந்தப் பாடத்தை மாணவர் மறக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் பர்மாவிலேயே தங்கி ஒரு வேலையைத் தேடிக்கொண்டிருக்கலாம். ரிச்சர்ட்சனோ 1912-இல் தம் தீவுக்கே திரும்பினார். ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பணி தொடங்கினார். நிக்கோபார் மொழியை எழுத்தில் கொண்டுவர உழைத்த ஜார்ஜ் வைட்ஹெட் என்னும் ஆங்கிலக் குருவானவருக்குத் துணை நின்றார். பின்னர் தாமும் குருப்பட்டம் பெற்றார். சபை சிறிது சிறிதாக வளர்ந்தது. உள்ளூர் இளைஞரையே ஆசிரியராகவும் உபதேசியாராகவும் ஆக்கி, பொறுப்புகளை அவர்களிடம் பகிர்ந்தளித்து வந்தார். ரோமன் எழுத்தில் விவிலிய மொழிபெயர்ப்பும் ஒருபுறம் நடந்தது.

இந்நிலையில் வந்தது இரண்டாம் உலகப் போர். 1942-இல் ஜப்பானியப் படை தீவுகளைக் கைப்பற்றியது. கார் நிக்கோபாரில் விமானத்தளம் அமைக்கத் தீவு மக்கள் வலுக்கட்டாயமாக வேலை வாங்கப்பட்டனர். 1945-இல் நேச நாடுகளின் தாக்குதல் வலுத்தபோது, எதிரிக்கு உளவு சொன்னார்கள் என்று நிக்கோபாரிகள்மேல் பழி விழுந்தது. பிடிபட்டோர் சித்திரவதைக்கு ஆளாயினர்; பலர் கொல்லப்பட்டனர். இக்கொடுமை குறித்து 1946-இல் சிங்கப்பூரில் போர்க்குற்ற விசாரணையே நடந்தது. மாண்டோருள் ரிச்சர்ட்சனின் மகன் ஒருவரும் இருந்தார். அவரும் சிறைப்பட்டார். போர் முடிந்ததே அவர் உயிரைக் காத்தது.

தோழர்களே, அந்த மனிதரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வயது அறுபதைக் கடந்துவிட்டது. மகன் இல்லை. சபையின் பிள்ளைகள் பலர் இல்லை. எஞ்சியவர்களோ ஆறுதல் தேடி இவர் முகத்தையே பார்க்கிறார்கள். இடிந்துபோய் மூலையில் அமர்ந்திருந்தாலும் யார் குறை சொல்வார்? ஆனால் அவர் மீண்டும் பள்ளிக்கும் ஆலயத்துக்கும் பாதி நின்ற மொழிபெயர்ப்புக்கும் திரும்பினார். நிக்கோபார் மொழியில் புதிய ஏற்பாடு அச்சேறியது. முழு விவிலியமும் பின்னர் வந்தது. போருக்குமுன் சிறு கூட்டமாக இருந்த சபை, போருக்குப்பின் ஏறத்தாழத் தீவு முழுவதையும் தழுவியது.

பாரம் அதோடு குறையவில்லை. 1950-இல் அவர் கல்கத்தாப் பேராயத்தின் உதவிப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1952-இல் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் சார்பில் முதல் மக்களவைக்குக் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டார். கப்பலேறி டில்லிக்குப் போவதும், திரும்பிவந்து ஓலைக் குடிசைகளில் நோயாளிகளைப் பார்ப்பதும் ஒரே மனிதரின் வேலையாயிற்று. 1966-இல் தீவுகளுக்கெனத் தனிப் பேராயம் அமைந்தபோது அதன் முதற் பேராயரும் அவரே. 1965-இல் பத்மஸ்ரீ விருதும் 1975-இல் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 1978-இல் அவர் மறைந்தார்.

இத்தனை பாரத்தையும் அவர் எப்படித் தாங்கினார்? அவர் வாழ்ந்த முறையிலிருந்து எனக்குப் புலப்படுவன மூன்று.

முதலாவது, அவர் தனியே சுமக்கவில்லை. பாலத்தின் பாரம் முழுவதையும் ஒரே தூணில் இறக்கினால் எத்தனை உறுதியான தூணும் வெடிக்கும். பல தூண்களில் பகிர்ந்தால் பாலம் நிற்கும். இது பௌதிகம் படிப்போர் அறிந்தது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த ரிச்சர்ட்சன் இதை வாழ்க்கையிலேயே அறிந்திருந்தார். ஊர்தோறும் பொறுப்பாளர் இருந்தமையால்தான் அவர் டில்லியில் இருந்த நாளிலும் ஊரில் ஆலய மணி ஒலித்தது.

இரண்டாவது, ஒழுங்கு. அவர் சார்ந்த ஆங்கிலிக்கத் திருச்சபையில் காலை மன்றாட்டும் மாலை மன்றாட்டும் குருவானவரின் அன்றாடக் கடமை. நாளின் இரு முனைகளிலும் ஊர் அலுவலை ஒதுக்கிவைத்து அமைதியாக இருக்க அந்த ஒழுங்கு இடம் தந்தது. ஊரார் துயரைக் கேட்டவர் தம் துயரைச் சொன்ன வாசல் அதுவே எனலாம்.

மூன்றாவது, நெடுங்காலப் பணி ஒன்று அவர் கையில் இருந்தது. மொழிபெயர்ப்பு ஒரு நாளில் முடிவதன்று; ஒரு துயரத்தால் நின்றுபோவதும் அன்று. இன்று ஒரு வசனம், நாளை ஒரு வசனம். உள்ளம் உடைந்த நாளிலும் கை செய்வதற்கு ஒரு வேலை காத்திருந்தது.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை அழித்தது. உயிரும் உடைமையும் இழந்த மக்கள் மேட்டுநிலத்தில் மீண்டும் ஊர் அமைத்தனர். ஆலயங்களையும் எழுப்பினர். பேராயர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அம்மக்களைத் தாங்கி நிறுத்த அவர்களுக்குள்ளேயே ஆட்கள் இருந்தனர். அத்தீவின் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம்முள் பலர் பிறந்த ஊரை விட்டு வந்து படிக்கிறோம். தேர்வும் ஆய்வும் வீட்டுக் கவலையும் நம் நெஞ்சை அழுத்துகின்றன. யாரிடமும் சொல்லாமல் தாங்குவதே வீரம் என்று எண்ணுகிறோம். சிறையையும் மகனின் மரணத்தையும் கண்ட ஒரு தலைவரே பாரத்தைப் பகிர்ந்துதான் சுமந்தார். பக்கத்து அறைத் தோழன் சில நாளாக உண்ண வரவில்லை என்றால், இன்றிரவே அவன் கதவைத் தட்டுங்கள்.