எண்ணிப் பார்த்துச் செயற்பட்ட அறிஞர் அஸீஸ்

மட்டக்களப்பு வாவி வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கே எழுவான்கரை; மேற்கே படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. மேற்கே விரிந்த வயல்களே இரு சாராருக்கும் சோறிடுகின்றன. இவ்வாவியின் தென்கோடியில் உள்ள கல்முனைக்கு 1942ஆம் ஆண்டு, முப்பது வயதே நிரம்பிய ஓர் இளம் அதிகாரி உதவி அரசாங்க அதிபராக வந்து சேர்ந்தார். அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் என்பது அவரது முழுப்பெயர். பிற்காலத்தில் இரு சமூகத்தவரும் அவரை அறிஞர் அஸீஸ் என்றே அழைத்தனர்.

ஸாஹிராக் கல்லூரியின் அதிபர், செனற் சபை உறுப்பினர், நூலாசிரியர் என்றெல்லாம் அவரை நாம் நினைவுகூர்கிறோம். எனினும் அவரது பிற்காலப் பணிகள் யாவற்றுக்கும் வித்திட்டது கல்முனையில் அவர் கழித்த குறுகிய காலமே. ஒரு பிரதேசத்தின் நிலையை நேரில் சென்று ஆராய்ந்து, கணக்கெடுத்து, அதன் மேல் திட்டத்தை எழுப்பும் நிர்வாக முறைக்கு அக்காலம் எடுத்துக்காட்டாகத் திகழ்கிறது. அபிவிருத்தி என்னும் சொல் எங்கும் ஒலிக்கும் இன்றைய நாளில் அவரது வாழ்வை இக்கோணத்தில் நோக்குவது பயன் தரும் என எண்ணுகிறோம்.

அஸீஸ் 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தையார் எஸ்.எம். அபூபக்கர் யாழ்ப்பாண முஸ்லிம்களிடையே பெருமதிப்புப் பெற்றவர். குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய அச்சிறுவர் பின்னர் இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். இஸ்லாமியப் பற்றும் தமிழ்ப் புலமையும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பது அவருக்குப் பால பருவத்திலேயே வாழ்க்கை அனுபவமாக வாய்த்தது. கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கிருந்த வேளையில் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவானமையால் நாடு திரும்பி 1935இல் அச்சேவையில் இணைந்தார். சிவில் சேவைக்குள் நுழைந்த முதலாவது இலங்கை முஸ்லிம் அவரே.

வரலாற்று மாணவனுக்குச் சான்று இன்றி எதையும் கூறலாகாது என்னும் பயிற்சி உண்டு. சிவில் சேவை அதிகாரிக்கோ ஏடுகளும் பதிவேடுகளும் அன்றாட உணவு. வயலின் பரப்பு, விதைநெல்லின் அளவு, குளத்தின் நீர், பங்கீட்டு அட்டைகளின் தொகை ஆகியவை அறியாமல் கச்சேரி ஒரு நாளும் இயங்காது. இவ்விரு பயிற்சிகளும் ஒருவரிடத்தே கூடியதுதான் அஸீஸின் தனித்தன்மை எனலாம்.

1942ஆம் ஆண்டு இலங்கைக்கு நெருக்கடியான ஆண்டு. யுத்தத்துக்கு முன்னர் நாட்டின் அரிசித் தேவையில் மூன்றில் இரண்டு பங்களவு வெளிநாடுகளிலிருந்து, குறிப்பாகப் பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பும் 9ஆம் திகதி திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு இலக்காகின. அதே 9ஆம் திகதி பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. யுத்தம் வாசலுக்கு வந்துவிட்ட அந்நாளில், துப்பாக்கிக்கு ஈடாக நெல்லும் தேவைப்பட்டது. கிழக்கின் நெற்களஞ்சியமான மட்டக்களப்பின் தென்பகுதியில் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்கென்றே கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டது. அதன் பொறுப்பே அஸீஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

பிரதேசம் பற்றிய நூல்கள் அப்போது முற்றாக இல்லாமல் இல்லை. எஸ்.ஓ. கனகரத்தினம் 1921இல் வெளியிட்ட மட்டக்களப்பு மாவட்ட விவரண நூல் இருந்தது. குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளும் இருந்தன. ஆனால் நூலில் உள்ள ஏக்கர்க் கணக்கு வேறு, நிலத்தில் உள்ள நிலைமை வேறு. கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று ஆகிய பகுதிகளில் எந்த நிலம் காடாகக் கிடக்கிறது, எந்த நிலத்துக்கு நீர் ஏறும், போடியாருக்கு எவ்வளவு உண்டு, முல்லைக்காரனுக்கு எஞ்சுவது எவ்வளவு என்பவை வட்டைக்குள் இறங்கினாலன்றி விளங்குபவை அல்ல. வெறுமனே கிடந்த அரச காணிகளை விரைந்து பயிர்ச்செய்கைக்குத் திறந்துவிடுவது அஸீஸின் முதன்மைப் பணியாயிற்று. அவரது முயற்சியால் விளைநிலமான ஒரு பகுதிக்கு விவசாயிகள் ‘அஸீஸ் துரைக் கண்டம்’ எனப் பெயரிட்டனர். அரசாங்கம் வழங்கும் பட்டங்கள் பல உண்டு. உழவன் தன் வயலுக்கு ஓர் அதிகாரியின் பெயரை இடுவது அவற்றுள் எதனினும் பெரிது.

நெல்லைக் கணக்கெடுக்கச் சென்றவரின் கண்ணில் மற்றொரு கணக்கும் பட்டது. வயல் நிறைந்த ஊர்களில் பள்ளிக்கூடம் நிறையவில்லை. செல்வம் படைத்த போடியார் குடும்பத்துப் பிள்ளைகூட ஆரம்ப வகுப்போடு நின்றது. ஏழை முல்லைக்காரனின் பிள்ளை அதையும் எட்டவில்லை. முஸ்லிம் பெண்பிள்ளைகளின் நிலை சொல்லத் தேவையில்லை. கொழும்பிலும் கண்டியிலும் இருந்த முஸ்லிம் தலைவர்கள் சமூகத்தின் கல்வி பற்றிப் பேசும்போது நகர வணிகரின் பிள்ளைகளையே மனத்திற் கொண்டிருந்தனர். சமூகத்தின் கணிசமான பகுதியோ கிழக்கின் வயல்வெளிகளில் வாழ்ந்தது. இந்த இடைவெளியைக் கல்முனையில் கண்கூடாகக் கண்ட அஸீஸ், 1942இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

அக்காலத்தில் அவருக்கு வாய்த்த நட்புகள் இருவகை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர், மட்டக்களப்பில் சாதி சமய வேறுபாடின்றிக் கல்விக்கூடங்களை நடத்திக் காட்டியவர். காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோ சமூகத்தின் உறக்கத்தைக் கண்டு உள்ளம் வெதும்பியவர். ஒருவர் துறவி, மற்றவர் கவிஞர். ஓர் அரசாங்க அதிகாரி இவ்விருவரையும் நாடி உரையாடினார் என்பதே அவர் வெறும் கோப்புகளோடு நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்று. எண்ணிக்கை ஒரு குறையின் அளவைக் காட்டும். அக்குறையின் வலியைக் காட்ட மனிதர்களே வேண்டும்.

கல்முனையில் விளைந்த சிந்தனை பின்னர் நாடளாவிய திட்டமாக உருப்பெற்றது. 1945 மே மாதம் 19ஆம் திகதி இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி அஸீஸின் முயற்சியால் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. கல்வியே இலவசமாகிவிட்டபோது தனியாக ஒரு நிதி எதற்கு என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால் அதில் வியப்பில்லை. ஆயின் இலவசமானது வகுப்பறைக் கட்டணம் மட்டுமே. சம்மாந்துறையிலிருந்தோ ஏறாவூரிலிருந்தோ ஒரு மாணவன் கொழும்புக்குச் சென்று உயர்கல்வி பெற விரும்பினால் தங்குமிடம், உணவு, பயணம், நூல்கள் ஆகியவற்றின் செலவு அவன் குடும்பத்தின் தலையில்தான் விழுந்தது. குடும்பத்தின் வருமானத்தையும் இச்செலவையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கே நிதியின் தேவை புரியும். பொதுவான கொள்கை ஒன்று எந்த இடத்தில் ஏழையை எட்டாமல் நின்றுவிடுகிறது என்பதைக் கண்டறிந்து, அவ்விடத்தில் மட்டும் கைகொடுப்பதே அந்நிதியின் உட்பொருள். இன்றைய கொள்கை வகுப்பாளரும் கற்கவேண்டிய பாடம் இது.

1948இல் சிவில் சேவையின் உயர்வாய்ப்புகளைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார். 1961 வரை நீடித்த அக்காலம் ஸாஹிராவின் பொற்காலம் எனப் போற்றப்படுகிறது. கிழக்கின் கிராமங்களிலிருந்து வந்த மாணவர்க்கு அங்கே கதவு திறந்திருந்தது. 1950இல் வை.எம்.எம்.ஏ. இயக்கங்களை ஒன்றிணைக்கும் அகில இலங்கைப் பேரவையை உருவாக்கினார். 1952இல் செனற் சபைக்குத் தெரிவானார்.

செனற் சபையிலும் அவர் தம் முறையைக் கைவிடவில்லை. 1956இல் சிங்களத்தை மாத்திரம் ஆட்சிமொழியாக்கும் முடிவு எழுந்தபோது, அதனை எதிர்த்துத் தாம் சார்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து விலகினார். முஸ்லிம்களின் மொழி எது என்பது அப்போது சூடான விவாதம். அஸீஸ் தமிழின் பக்கம் உறுதியாக நின்றார். அதற்குத் தமிழ்ப் பற்று மட்டும் காரணமன்று. ஒரு சமூகத்தின் பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியில் கற்றாலன்றி முன்னேற இயலாது என்னும் யதார்த்தமும் காரணமாகும். 1963இல் செனற் சபையை நீங்கிப் பகிரங்க சேவை ஆணைக்குழுவில் அங்கம் பெற்றார். அவ்வாண்டில் வெளிவந்த ‘இலங்கையில் இஸ்லாம்’ என்னும் அவரது நூல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது.

1973 நவம்பர் 24ஆம் திகதி, 62ஆம் வயதில் அவர் காலமானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் இலக்கிய கலாநிதிப் பட்டத்தை அவருக்கு மறைவின் பின் வழங்கிக் கௌரவித்தது. ஆனால் அப்பல்கலைக்கழகம் அமைந்த மண்ணிலிருந்து, அவர் பிறந்த மண்ணிலிருந்து, 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். கிழக்கிலோ தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கையால் மற்றவர் பட்ட துயரங்களை இரு சமூகங்களும் இன்னும் மறக்கவில்லை. அஸீஸ் அவற்றைக் காணாமல் மறைந்தார் என்று ஆறுதல் கொள்வதைவிட, அவர் வழி தொடரப்பட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று நாம் நம்மையே கேட்பது தகும்.

எண்ணுதல் என்னும் தமிழ்ச் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் சிந்தித்தல் என்றும் இரு பொருள் உண்டு. எமது பிரதேசத்தில் இவ்விரண்டும் நெடுங்காலம் நடைபெறவில்லை. அஸீஸ் கல்முனையை விட்டுச் சென்ற சில ஆண்டுகளில், 1949இல், கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. இந்நிலப்பரப்பின் நீரையும் குடிசனத்தையும் அடியோடு மாற்றிய பெருந்திட்டம் அது. அதன் வரவு செலவை முறையாக ஆராய்ந்த மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை 1970இல்தான் வெளிவந்தது. பாமர் தலைமையிலான அக்குழு, செலவு பயனை விஞ்சிவிட்டது என்று கண்டது. முன்னரே கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு இரண்டு தசாப்தங்கள் கழித்து விடை கிடைத்தது.

யுத்த காலமோ கணக்கையே இல்லாமற் செய்தது. 1981ஆம் ஆண்டுத் தொகைமதிப்புக்குப் பின் 1991இல் தொகைமதிப்பு நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றபோது வாவியின் தென்கோடி அடங்கும் அம்பாறை மாவட்டம் முழுமையாக எண்ணப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டமோ முழுமையாக எண்ணப்படவில்லை. 2012இல்தான் இரு மாவட்டங்களும் ஒருசேரக் கணக்கில் வந்தன. இதற்கிடையே 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. அம்பாறைக் கரையோரம் நாட்டிலேயே மிகப்பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. வீடுகளும் படகுகளும் உதவிகளும் வந்தபோது, யாருக்கு எவ்வளவு என்னும் கேள்விக்கு இரு சமூகங்களும் ஏற்கத்தக்க நீண்டகாலத் தரவு கையில் இல்லை. தரவு இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். நமக்குக் குறைவு, அவர்களுக்கு அதிகம் என்னும் மனக்குறை அங்கிருந்தே வளர்கிறது.

2012இன் தொகைமதிப்பின்படி நாட்டின் முஸ்லிம்களில் ஏறத்தாழ 30 வீதத்தினர் கிழக்கு மாகாணத்தில் வாழ்கின்றனர். அம்மாகாணத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஏறக்குறையச் சம பலத்தினர். 2024 இறுதியில் மீண்டும் கணக்கெடுப்பு நடைபெற்றுள்ளது. இவ்வெண்களைத் தேர்தல் தொகுதிக் கணக்குக்கும் எல்லைத் தகராறுக்கும் மட்டுமே புரட்டிப் பார்ப்போமாயின், அஸீஸிடமிருந்து நாம் எதையும் கற்கவில்லை என்றே பொருள்.

வாவிக்கு வடக்கே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் தெற்கே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் உள்ளன. இரண்டும் கைகோத்து இவ்வாவிப் பிரதேசத்தின் மீனவர், வயல்கள், பள்ளி இடைவிலகல், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள், வாவி நீரின் தரம் ஆகியவற்றை ஊர் பேதமின்றி ஆராய்ந்து, ஒரே அறிக்கையாக மக்கள் முன் வைக்க இயலாதா? பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் அதற்குக் கதவைத் திறந்துவிட இயலாதா? அத்தகைய அறிக்கையைக் கையில் ஏந்திச் செல்லும் பிரதிநிதியின் கோரிக்கையை எந்த அமைச்சும் இலகுவில் தட்டிக்கழிக்க முடியாது. வெறுங்கையோடு செல்பவரின் கோரிக்கையோ இனவாதமாகவே காதில் விழும்.

அறிஞர் அஸீஸுக்கு நாம் எடுக்கும் விழாக்கள் பல. சிலை வைப்பது இஸ்லாமிய மரபன்று. அவர் விட்டுச் சென்ற முறையைக் கையிலெடுப்பதே அவருக்கு ஏற்ற நினைவுச் சின்னமாகும். அது எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும், தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான சொத்து.