டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

மரக்காணத்து உப்பளங்களிலிருந்து மேற்கே செல்லும் சாலை திண்டிவனத்தைச் சென்றடைகிறது. வானூர் வட்டாரத்து மக்கள் பல காரியங்களுக்காக அடிக்கடி போய் வரும் ஊர் அது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை அறியாதார் நம்மிடையே இலர். எனினும் அந்நிறுவனத்தின் வித்து திண்டிவனத்தில்தான் ஊன்றப்பட்டது என்பதை நம் இளைஞருள் மிகச் சிலரே அறிவர்.

ஐடா சோபியா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ ஊழியர். தந்தையாரும் மருத்துவரே. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லிச் சொல்லி நடுங்கிய 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தைச் சிறுமியாயிருந்த ஐடா கண்ணாரக் கண்டார். பின்னர் அமெரிக்காவில் கல்வி பயின்ற அவருக்கு இந்தியாவில் வாழும் விருப்பம் சிறிதும் இல்லை. தாயார் நோயுற்றமையால் அவருக்குத் துணையாகத் திண்டிவனத்துக்கு வந்தாரேயன்றி, தங்குவதற்காக வந்தாரல்லர்.

1890களின் தொடக்கத்தில் ஓர் இரவு. பேறுகால வேதனையில் துடிக்கும் மனைவிக்கு உதவி வேண்டி ஒரு பிராமணர் வந்தார். அடுத்து ஓர் இசுலாமியர்; அவருக்குப் பின் மற்றொரு மேற்சாதி இந்து. மருத்துவரான தந்தையாரை அனுப்புவதாக ஐடா கூறியும், ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொடுதல் கூடாதென மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிந்ததும் ஊரில் சாவுப்பறை ஒலித்தது. ஆள் விட்டு விசாரித்தபோது மூன்று பெண்களும் மாண்டனர் எனத் தெரிந்தது. (அந்தப் பறையை முழக்கியவர் யாரென்று எவரும் எழுதி வைக்கவில்லை. நாம் அறிவோம்.)

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பலரும் பெண் மருத்துவர் இல்லாக் குறையோடு நிறுத்திவிடுவர். நாம் சற்று மேலே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பேறு பார்த்தல், தொப்புள்கொடி அறுத்தல், அழுக்குத் துணி அகற்றல் ஆகிய பணிகளை நம் நாட்டுச் சமுதாயம் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்டிரிடமே விட்டிருந்தது. அப்பணியின்றி உயர்குடியும் பிறக்க இயலாது. ஆயினும் அதைச் செய்தவளுக்குத் தீட்டும் படியரிசியுமே கூலி. கல்வி அவளுக்குக் கிட்டவில்லை. கல்வி பெற்றவரோ அப்பணியைத் தொடவில்லை. கையும் அறிவும் இவ்வாறு பிரிந்து நின்ற இடத்தில்தான் தாய்மார் மடிந்தனர்.

ஐடா 1895இல் பிலடெல்பியாவில் மருத்துவம் பயிலத் தொடங்கி, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்தியா மீண்டார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். வேலூரில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் மருத்துவம் தொடங்கிற்று. ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. அங்கு முதல் பெரிய அறுவை நடந்தபோது அம்மையாருக்கு உதவியாய் நின்றவர் வீட்டுப் பட்லரின் மனைவி ஒருவரே.

1906இல் ஓராண்டுக்கு வந்த நோயாளிகள் ஏறத்தாழ 40,000 பேர். மருத்துவர் ஒருவர் எத்துணைத் திறமுடையவராயினும் இத்திரளைத் தனித்து ஆற்ற இயலுமோ? அம்மையார் இங்கே செய்த முடிவுதான் அவர் வாழ்வில் தலையாயது என்பது என் கருத்து. மருத்துவர்களை உருவாக்கும் பள்ளிக்கு முன்பாகவே, 1909இல், செவிலியர் பள்ளியை நிறுவினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஒன்பது ஆண்டுகள் கழித்து 1918இல்தான் வந்தது. அதன் முதலாண்டுத் தேர்வை எழுதிய 14 மாணவியரும் தேறிச் சென்னை மாகாணத்தையே வியக்க வைத்தனர் என்பது தனிக்கதை.

செவிலியத்தை ஏன் முதலில் வைத்தார்? மருத்துவர் நோயாளியின் அருகில் நிற்பது சில மணித்துளிகளே. எஞ்சிய பொழுதெல்லாம் அவனைக் காப்பவள் செவிலி. காய்ச்சலை அளந்து குறித்தல், மருந்தை உரிய வேளையில் கொடுத்தல், கட்டு மாற்றுமுன் கை கழுவுதல், தன் முறை முடிந்ததும் அடுத்தவளிடம் விவரத்தை ஒப்படைத்தல் ஆகியன சிறு செயல்களாய்த் தோன்றலாம். இவற்றுள் ஒன்று தவறினும் சிறந்த அறுவையும் பாழாகும். இங்கிலாந்தின் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கிரிமியப் போரில் கற்று, 1860இல் இலண்டனில் பள்ளி கண்டு புகட்டிய உண்மை இதுவே. இன்று செயல்முறை மேலாண்மை என்று பெயரிட்டுப் பெருநிறுவனங்கள் பயில்வதும் இவ்வொழுங்கோடு நெருங்கிய உறவுடையதே. ஒருவர் வராத நாளிலும் வேலை நில்லாது நடக்கப் பணியைப் பகுத்து, எழுதி, பயிற்றி வைத்தல் வேண்டும். இரக்கம் மட்டும் இருந்தால் தருமசாலை நடத்தலாம். மருத்துவமனை நடத்த இவ்வொழுங்கும் வேண்டும்.

குடியாத்தம் சாலையில் அம்மையார் நடத்திய வழியோர மருத்துவமும் அவ்வாறே நடந்தது. குறித்த நாள், குறித்த மரநிழல். முதலில் மாட்டுவண்டி, பின்னர் மோட்டார் வண்டி. புண்ணுக்குக் கட்டுப்போடுவோர் ஒருபுறம், மருந்து வழங்குவோர் ஒருபுறம். அறுவை தேவைப்படுவோர் வேலூருக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ஊரார் அணுக அஞ்சிய தொழுநோயாளரும் அந்நிழலில் மருத்துவம் பெற்றனர்.

செவிலியர் பள்ளிக்குப் பெண்களைச் சேர்ப்பது எளிதாயிருக்கவில்லை. எல்லாச் சாதியாரின் உடலையும் மலசலத்தையும் தொடும் வேலைக்கு எந்த வீட்டார் மகளை அனுப்புவர்? தொடக்கத்தில் வந்தோர் பெரும்பாலும் கிறித்தவப் பெண்கள். ஆர்க்காட்டு மிஷன் சபையினருள் மிகப் பலர் சேரிகளிலிருந்து சென்றவர் என்பதை இங்கு நினைவுகூரலாம். மிஷன் சபைகளிலும் சாதி முற்றும் ஒழிந்துவிடவில்லை, அதனை மறைப்பதற்கில்லை. எனினும் தீட்டென்று தள்ளப்பட்ட பணி, சீருடையும் பாடநூலும் தேர்வும் சம்பளமும் உடைய தொழிலாயிற்று. 1946இல் வேலூரில் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. இந்தியாவில் அப்படிப்பு முதன்முதலாகத் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. படியரிசிக்குச் செய்த வேலைக்கும் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் இடைப்பட்ட தொலைவை நம் பெண்மக்களே அளந்தறிய வல்லவர்கள். உப்பளத்துக்குப் பாத்தி மிதிக்கப் போகும் தாயின் மகள் மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவு எடுக்கத் தயங்கும்போதெல்லாம் எனக்கு இந்த 1946 நினைவுக்கு வரும்.

நிறுவனத்துக்கு இடையில் பெருஞ்சோதனை ஒன்று நேர்ந்தது. மருத்துவப் பட்டயப் படிப்பை அரசு கைவிட்டுப் பட்டப்படிப்பையே ஏற்கும் எனக் கூறவே, பள்ளியைக் கல்லூரியாக உயர்த்துவது அல்லது மூடுவது என்னும் நிலை வந்தது. எழுபது வயதைக் கடந்த அம்மையார் 1941இல் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பொருள் திரட்டினார். கல்லூரி பிழைத்தது, 1947இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. டாக்டர் ஹில்டா லாசரஸ் அதன் முதல் இந்திய இயக்குநரானார்.

ஐடா அம்மையார் 1960ஆம் ஆண்டு மே மாதம் கோடைக்கானலில் தம் 89ஆம் வயதில் காலமானார். அவர் பொறுப்பிலிருந்து விலகி அப்போது பத்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அன்றும் வேலூர் மருத்துவமனையின் செவிலியர் முறை மாறும் வேளையில் முறை மாறினர்.