ஆளறிந்து பணி தந்த அக்பர்

கி.பி. 1542-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அரசிழந்து பாலைநிலத்தில் அலைந்துகொண்டிருந்த ஹுமாயூனுக்குச் சிந்து நாட்டு அமர்க்கோட்டையில் ஓர் ஆண்மகவு பிறந்தது. அடைக்கலம் தந்தவர் ஓர் இராஜபுத்திர மன்னர். பிள்ளை வளர்ந்த பின்னர் ஆசிரியர் பலர் அமர்த்தப்பெற்றனர். ஒருவராலும் அவனுக்கு எழுத்தறிவிக்க இயலவில்லை. புறாக்களிலும் யானைகளிலும் வேட்டையிலுமே அவன் மனம் சென்றது. தந்தை திடீரென இறக்கவே, 1556-இல் பதின்மூன்று வயதில், பஞ்சாபிலுள்ள களானூரில் ஒரு செங்கல் மேடைமேல் அவனை அமர்த்தி அரசனாக்கினர். அவரே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நாடாண்ட அக்பர் சக்கரவர்த்தி.

எழுத்தறியாத அம்மன்னர் நாள்தோறும் பிறரைப் படிக்கச் சொல்லி நூல்களைக் கேட்டார். அன்று நிறுத்திய இடத்தில் தம் கையாலேயே ஒரு குறி இடுவார். படித்த ஏடுகளின் எண்ணிக்கைப்படி படிப்பவருக்குப் பொருள் வழங்கப்பெறும். பிறர் கண்ணையும் கையையும் நம்பியே வாழ வேண்டியவர், யாருடைய கண் எதற்கு உதவும், யாருடைய கை எதில் தேர்ந்தது என்பதை இளமையிலேயே கூர்ந்து நோக்கக் கற்றுக்கொண்டார் போலும்.

இதனை வெறும் தயாள குணம் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தேவையும் அவரைத் தூண்டிற்று. 1564 முதல் 1567 வரை அவருடைய சொந்த உஸ்பெக்குத் தளபதிகளே கலகம் செய்தனர். ஒரே இனத்தாரை மட்டும் நம்பியிருத்தல் ஆபத்து என்பது தெளிவாயிற்று. 1562-இலேயே ஆம்பேர் அரசரின் மகளை மணந்திருந்தார். 1563-இல் யாத்திரிகர் வரியையும் 1564-இல் ஜிஸியா வரியையும் நீக்கினார். துருக்கியர், பாரசீகர், இராஜபுத்திரர், இந்திய முஸ்லிம்கள் எனப் பலதிறத்தாரும் அவர் அவையில் இடம் பெற்றனர். ஆம்பேர் குலத்து மான்சிங் அவருடைய தலைசிறந்த படைத்தலைவர்களுள் ஒருவரானார்.

நவரத்தினங்கள் என்று ஒன்பது பேரை எண்ணிச் சொல்வது பிற்கால வழக்கு. அவர்கள் யாவரும் ஒருவரையொருவர் நேசித்து வாழ்ந்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. பகையும் பொறாமையும் அங்கே நிறைய உண்டு.

கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மைப் போன்றோர்க்கு அவர்களுள் நெருங்கியவர் தோடர்மால். முன்னர்ச் சூர் வமிசத்து ஷேர்ஷாவிடம் பணிபுரிந்தவர். அதாவது, ஹுமாயூனை நாட்டைவிட்டுத் துரத்திய பகைவரின் ஊழியர். அக்பர் அதனைப் பொருட்படுத்தவில்லை. அந்நாளில் நிலத்தைக் கயிற்றால் அளந்தனர். கயிறு ஈரத்தில் ஒரு நீளமாகவும் உலர்ந்தபின் வேறொரு நீளமாகவும் இருக்கும்; அளப்பவனின் கைவரிசைக்கும் இடம் தரும். அதற்கு மாறாக, மூங்கில் துண்டுகளை இரும்பு வளையங்களால் கோத்த அளவுகோல் வந்தது. பத்தாண்டு விளைச்சலையும் விலையையும் கணக்கிட்டுச் சராசரி கண்டு, 1580-இல் வரித்திட்டம் வகுக்கப்பெற்றது. தோடர்மால் கண்டிப்பானவர், வன்மம் பாராட்டுபவர் என்றும் பெயர் பெற்றவர், பூஜை செய்யாமல் வேலை தொடங்காதவர். ஒருமுறை பாசறை பெயர்ந்தபோது அவருடைய பூஜை விக்கிரகங்கள் காணாமற்போக, அவர் ஊணும் உறக்கமும் துறந்தார். சக்கரவர்த்தியே அவரைத் தேற்றிப் பணிக்கு மீட்டார். பின்னர் 1585-இல், விண்ணியலும் பொறியியலும் வல்ல பாரசீக அறிஞர் பத்ஹுல்லா ஷிராஸியை அவருக்குத் துணையாக்க, நெடுநாள் தீராது கிடந்த பழைய கணக்குகள் தீர்ந்தன.

ஓவியச் சாலையின் முறை இன்னும் வியப்பானது. பாரசீகத்திலிருந்து ஹுமாயூனிடம் வந்து சேர்ந்த மீர் சையது அலி, அப்துஸ் ஸமத் ஆகிய இருவரும் அதற்குத் தலைமை தாங்கினர். ஒரு படத்தை ஒருவரே முடிப்பதென்பதில்லை. உருவமைப்பை வரைபவர் ஒருவர். வண்ணம் தீட்டுபவர் மற்றொருவர். முகம் எழுதுவதில் வல்லவர் வேறொருவர். கீழ் ஓரத்தில் எழுத்தர் ஒருவர், எவர் எப்பகுதியைச் செய்தார் என்று பெயர் குறித்து வைப்பார். (அந்த எழுத்தர் தம் பெயரைச் சேர்க்கவில்லை, அது நம் குலத்தொழிலின் இயல்பு.) வாரந்தோறும் ஓவியங்கள் மன்னர் பார்வைக்கு வரும், திறமைக்கேற்பப் பரிசும் ஊதிய உயர்வும் கிடைக்கும். பல்லக்குச் சுமப்பவரின் மகனான தஸ்வந்த் என்னும் சிறுவன் சுவர்களில் கிறுக்குவதைக் கண்ட அக்பர் அவனை அப்துஸ் ஸமதிடம் ஒப்படைத்தார். அவன் தலைசிறந்த ஓவியனானான். ஆயினும் மனநோயுற்று 1584-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

1582-இல் மகாபாரதத்தைப் பாரசீகத்தில் பெயர்க்கும் பணி தொடங்கிற்று. பண்டிதர்கள் பொருள் சொல்ல, பாரசீகம் வல்லார் எழுதினர். எழுதியவருள் ஒருவர் பதாவூனி. அவர் கடுமையான சமயப்பற்றுடையவர். அவ்வேலையைப் பாவம் எனவே கருதினார். அக்பரின் போக்கையும் வெறுத்தார். அது மன்னருக்குத் தெரியாததன்று. எனினும் அவருடைய புலமையை இழக்க மனமின்றி இராமாயணத்தையும் அவரிடமே தந்தார். அது முடிய நான்காண்டு சென்றது.

இவ்வளவு ஆளறிந்த மன்னரும் ஒருமுறை அந்நெறியைக் கைவிட்டார். 1586-இல் வடமேற்கு மலைகளில் யூசுப்ஸாய் குலத்தாரை அடக்கச் சென்ற ஜைன்கான் கூடுதற்படை வேண்டினார். செல்வதற்கு அபுல் பசலும் பீர்பாலும் முன்வந்தனராம். சீட்டுக் குலுக்கியதில் பீர்பால் பெயர் வந்தது. கவிதையும் சாதுரியமும் உடையவர், மன்னரின் உற்ற நண்பர்; மலைப்போர் அவருடைய துறையன்று. அங்கே தலைவர்களுக்குள் பூசல் மூண்டது. ஜைன்கானின் சொல்லைக் கேளாமல் கணவாய் வழியே படை திரும்ப, மேலிருந்து கல்லும் அம்பும் பொழிந்தன. பீர்பாலுடன் ஏறக்குறைய எண்ணாயிரம் பேர் மாண்டனர் என்று பதாவூனி எழுதுகிறார். நண்பரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அக்பர் இரண்டு நாள் உணவு கொள்ளவில்லை. அதன்பின் அம்மலைகளுக்கு அவர் அனுப்பியவர்கள் தோடர்மாலும் மான்சிங்கும். அவர்கள் அரண்கள் அமைத்து மெல்ல மெல்ல முன்னேறினர்.

தோடர்மாலும் ஷிராஸியும் 1589-இல் மறைந்தனர். 1602-இல் இளவரசர் சலீமின் தூண்டுதலால் அபுல் பசல் கொல்லப்பட்டார். 1605 அக்டோபரில் ஆக்ராவில் அக்பர் உயிர் நீத்தார். ஏறக்குறைய 24,000 ஏடுகள் கொண்ட நூல்நிலையம் அவருக்குப் பின் எஞ்சியது. பதாவூனி மறைவாக எழுதி வைத்திருந்த வரலாறு, அக்பரைக் குறைகூறும் பக்கங்களோடு, ஜஹாங்கீர் ஆட்சியில் வெளிப்பட்டது. இன்று அக்பரைப் பற்றி எழுதப் புகுவோர் யாவரும், அபுல் பசலின் நூலுக்கு அருகில் அதனையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதுகின்றனர்.