நாவலர் இட்ட காற்புள்ளி

ஆறுமுக நாவலரைச் சைவத்தின் காவலராகவே நம்மில் பலர் அறிவோம். தமிழில் ஆய்வேடு எழுதத் திணறும் மாணவர்களுக்கு அவர் நல்ல ஆசான் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

1822 டிசம்பர் 18ஆம் நாள் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தவர் நாவலர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் வெசுலியன் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். பைபிளைத் தமிழாக்கும் பணியில் பாதிரியாருக்குத் துணைநின்றார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகள் வந்தனர், கையில் கொடுக்கப் பாடநூல் இல்லை. மறு ஆண்டே சென்னைக்குக் கப்பலேறி அச்சியந்திரம் வாங்கி வந்தார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ பட்டம் அளித்தது.

அக்காலப் புலவர்களுக்குச் செய்யுளே பெருமை. நாவலரோ உரைநடையைக் கையில் எடுத்தார். யாருக்கு, எதற்காக எழுதுகிறோம் என்பதே அவர் வாக்கியத்தின் நீளத்தை முடிவு செய்தது. பாலபாடத்தின் தொடக்கத்தில் சின்னஞ்சிறு தனிவாக்கியங்கள். ஆயர் ஈத்தாமில் தமிழ்ப்பள்ளியில் பயிலும் என் தங்கைக்குச் சில பாடங்களை வாசித்துக் காட்டினேன். அவள் அதிகம் பொருள் கேட்கவில்லை. 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனத்தில் கதை நடக்க வேண்டும். அங்கே வினையெச்சங்கள் ஒன்றையொன்று கைபிடித்துச் செல்கின்றன. 1854இல் எழுதிய சைவதூஷண பரிகாரம் வாதநூல். எதிர்த்தரப்பின் வேதத்திலிருந்தே சான்று காட்டி விடையிறுக்கும்போது, சான்றையும் முடிவையும் பிணைக்க நெடுவாக்கியம் தேவைப்பட்டது.

மேற்கத்திய நிறுத்தற்குறிகளைத் தமிழ் உரைநடையில் முறையாகப் பரப்பியவர்களுள் அவர் முதன்மையானவர். தமிழில் பயனிலை கடைசியில் வருகிறது; அதுவரை வாசகர் எல்லாவற்றையும் மனத்தில் சுமக்க வேண்டும். காற்புள்ளி அந்தச் சுமையை இறக்கிவைக்கும் சுமைதாங்கி.

நம் விடுதியில் மூத்த மாணவர்கள் வழிவழியாகச் சொல்லும் அறிவுரை ஒன்றுண்டு: வாக்கியத்தைக் குட்டையாக எழுது, பிழை வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, தேசியப் பள்ளியில் வாரத்திற்குச் சில பாடவேளை எனத் தமிழ் படித்து வந்த என் போன்றோருக்கு அது வசதிதான். ஆனால் ஆய்வுக்குப் போதுமா? ‘மழை பெய்தது. பாலம் இடிந்தது.’ இதில் காரணம் சொல்லப்படவில்லை. வாசகரே ஊகிக்க வேண்டும். ‘மழை பெய்ததால் பாலம் இடிந்தது’ என்றால் எழுதியவர் பொறுப்பேற்கிறார். ‘பாலம் முன்பே பழுதடைந்திருந்ததால், மழை மட்டுமே அதை இடித்தது என்று கொள்ள இடமில்லை’ என்னும்போதுதான் ஆய்வு பிறக்கிறது. இதைத் துண்டுதுண்டாக்கினால் தெளிவு கூடாது; வாதம்தான் கரையும். அதற்காக, அறிமுகத்தில் தரவு எங்கே திரட்டினோம் என்பதைக்கூட முடிச்சுப்போட்டு எழுதுவதும் வேண்டாம். அங்கே பாலபாட நடையே போதும்.

சாதி குறித்து நாவலர் கொண்டிருந்த பழைமைக் கருத்துகள் எனக்கு உடன்பாடில்லை. அவர் நடையைக் கற்க அது தடையுமில்லை.

மணம் செய்துகொள்ளாமல் பள்ளிக்கும் அச்சுக்கூடத்துக்கும் உழைத்தவர், 1861இல் திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு பதிப்பித்தார். 1864இல் சிதம்பரத்திலும் பள்ளி திறந்தார். 1879 டிசம்பர் 5ஆம் நாள் காலமானபோது, 57 வயது நிறைய இன்னும் 13 நாள் இருந்தது.